மூன்றாம் மண்டலம், நான்காம் மண்டலம்

காரைக்குடி அரசு ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரே அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே
ஒரு ஜன்னல். அதற்குப் பின்னால் நான்.
அட்டை நீட்டுவார்கள், எண்ணைத் தட்டுவேன்.
திரை முதலில் கேட்பது
நோயை அல்ல, மாவட்டத்தை.

புதுவயல் மூன்றாம் மண்டலம்.
கோனாப்பட்டு நான்காம் மண்டலம்.
வெயில் ஒன்றுதான், செம்மண் ஒன்றுதான்,
காப்பீட்டு நிதி மட்டும் இரண்டு.

சித்திரையில் வள்ளிக்கண்ணு வந்தாள்.
புருஷனுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ்.
"கோனாப்பட்டா? புதுக்கோட்டைக்குப் போம்மா."
"அங்க ரெண்டு பஸ்ஸுங்க, இங்க ஒண்ணு."
"உன் பணம் அங்கதாம்மா இருக்கு."
"பணத்தை ஒரு பஸ்ஸு ஏறி வரச் சொல்லுங்களேன்."

மூன்றில் மிச்சம், நான்கில் துண்டு
என்று யாரோ எங்கோ கூட்டிப் பார்த்தார்கள்.
மிச்சம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்:
அட்டை கல்லலில், ஆள் சிங்கப்பூரில்.

ஆடியில் ஆணை வந்தது. ஒரே நிதி.
பயிற்சி வகுப்பில் மேலாளர்
வட்டத்துக்குள் வட்டம் போட்டு விளக்கினார்.
எனக்கு நகரத்தார் புள்ளிவரி ஞாபகம்.
கல்யாணமானால் ஒரு புள்ளி, துணை போனால் அரை.
கப்பலேறிச் சம்பாதித்தவனுக்கும்
கடன் வாங்கிக் கட்டுகிறவனுக்கும்
புள்ளிக்கு இவ்வளவு என்றால் இவ்வளவுதான்.
ஆனால் கோயிலில் யாரும்
என் வரிக்கு எத்தனை உண்டைச் சோறு என்று
கணக்குக் கேட்பதில்லை.
இங்கே கேட்பார்கள்.

கேட்டார் ஆரோக்கியம்,
புதுவயல் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கியவர்.
நிதி இணைந்தது, மிஷின் இணையவில்லை.
அன்றைக்கும் நாலு, இன்றைக்கும் நாலு.
காலை ஏழு மணி முறை
ராத்திரி எட்டுக்குப் போயிற்று.
"எங்க மிஷின்ல எவன் படுத்திருக்கான்?"
வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.
"கோனாப்பட்டுக்காரர்."

கொஞ்ச நேரம் கையிலிருந்த சீட்டையே பார்த்தார்.
ஊசி குத்திக் குத்திக்
கயிறாய்ப் புடைத்த கை.
"எந்தத் தெரு?"
திரையில் இருந்ததைச் சொன்னேன்.
"என் தங்கச்சிய அங்கதான் கட்டிக் குடுத்திருக்கு."
அதற்கு மேல் சண்டை போடவில்லை,
சம்மதமும் சொல்லவில்லை.
சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

நாலு எட்டு போய்த் திரும்பி வந்தார்.
"முடிய பன்னெண்டாகும்.
அதுக்கப்புறம் புதுவயலுக்கு பஸ் இருக்கா?"

திரையில் எல்லாக் கட்டங்களையும் தேடினேன்.