ஏழு கிலோமீட்டர்

பதினோராயிரம் குறைக்கிறார்கள்.
போன பங்குனியில் செய்த வண்டி.
கோடவுனில் மூன்றாவது வரிசை.
சீட்டு உறையின் தூசியில்
யாரோ விரலால் ஒரு போன் நம்பர் எழுதியிருக்கிறார்கள்,
கடைசி இரண்டு எண்ணைக் காணோம்.

புதியது முன்னால் நிற்கிறது,
கண்ணாடிக்குள், ஏசியில்,
செக்காலை ரோட்டைப் பார்த்துக்கொண்டு.
மூக்கை மாற்றியிருக்கிறார்கள்.
மீட்டரில் முள் இல்லை.
போன் வந்தால் பேரைக் காட்டுமாம்.
என்னைக் கூப்பிடுகிறவர்கள்
பேரெல்லாம் சொல்வதில்லை.
'தண்ணி வரலை' என்பார்கள், வைத்துவிடுவார்கள்.

பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல், கானாடுகாத்தான்.
எண்பது ஜன்னல் வைத்த வீட்டில் ஒரே ஒரு வாட்ச்மேன்,
வாட்ச்மேனுக்கு ஒரு வாட்டர் ஃபில்டர்,
ஃபில்டருக்கு நான்.
நாளைக்கு எழுபது கிலோமீட்டர்.
பின்னால் கருவிப்பெட்டி, இருபது அடி டியூப்,
இரண்டு மெம்பிரேன்.
புது மாடலின் பின்சீட்டு
தேள் வாலைத் தூக்கியதுபோல் இருக்கிறது.
பெட்டியைக் கட்டினால்
முதல் வேகத்தடையில் என் முதுகில் ஏறி உட்காரும்.

ஓட்டிப் பார்க்கப் புதியதைத்தான் கொடுத்தார்கள்.
கோவிலூர் வரை போய்த் திரும்பினேன்.
பொய் சொல்லக் கூடாது,
வெண்ணெய்.

'பழசு இன்னும் குறையுமா?'
'மாசக் கடைசி வரைக்கும் பொறுங்க சார், குறையும்.
அதுவரைக்கும் இருக்குமான்னுதான் தெரியலை'
என்றாள் ரெஜினா.
இரண்டும் உண்மையாக இருக்கும்போல.
அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

காளீஸ்வரி நகைக்கடன் கவுண்ட்டரில் இருக்கிறாள்.
தோசை திருப்பிக்கொண்டே வட்டி போடுவாள்.
'இப்ப பதினொண்ணு மிச்சம்.
விக்கும்போது ஒரு வயசு கூடன்னு ஏழைக் கழிப்பான்.
ஆக நாலு.'
ஜாதகத்தில் பையனுக்கு ரெண்டு வயசை
அலுங்காமல் எடுத்துவிடுகிற ஊர்தான்.
வண்டிக்கு முடியாது,
சேசிஸில் அடித்து வைத்திருக்கிறான்.

காலண்டர் தாளின் பின்பக்கம் நிறைந்தது.
மாதத் தவணை, இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ்,
டிஸ்க் பிரேக்குக்கு ஒரு கேள்விக்குறி.
கிக்கர் என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.
புதியதில் அது கிடையாது.
ஐப்பசி மழையில், புதுவயல் ரோட்டில்,
செத்த பேட்டரியோடு
என் தம்பி வண்டியைத் தள்ளிய தூரம்
என் கெண்டைக்காலுக்குத்தான் தெரியும்.
கணக்கு முடிந்தது.
விளக்கை அணைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து இருட்டில் காளீஸ்வரி சொன்னாள்:
'அந்த நீலம் நல்லாத்தான் இருந்துச்சு.'

பழசில் சிவப்பு மட்டும்தான் மிச்சம்.

இருபத்தெட்டாம் தேதி போனேன்.
இன்னும் ஆயிரத்து ஐந்நூறு குறைத்தார்கள்.
ஹெல்மெட் இலவசம், ஒரு சைஸ் பெரிசு.
உறையைக் கிழித்தபோது
அந்த எட்டு எண்ணும் அதோடு போயிற்று.
சாவியைத் திருப்பினேன், முள் துடித்து நின்றது.
மீட்டரில் ஏழு கிலோமீட்டர்.
'இதை யாரு ஓட்டுனது?'
ரெஜினா ரசீதிலிருந்து தலையைத் தூக்கவில்லை.
'யாராச்சும் எடுக்க வந்துட்டு
வேண்டாம்னு போயிருப்பாங்க சார்.'

நேரே பிள்ளையார்பட்டி.
பெட்ரோல் பங்க்கில் ஒரு நிறுத்தம்,
குன்றக்குடியில் பூவுக்கு ஒரு நிறுத்தம்.
வண்டி பூசைக்கு வரிசை.
எங்களுக்கு முன்னால் அதே நீலம்,
டேங்க்கில் சந்தனம், ஹேண்டிலில் மாலை.
அதன் சொந்தக்காரர்
தேவகோட்டையில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறாராம்.
குனிந்து என் கிக்கரைப் பார்த்தார்.
'எவ்வளவு குறைச்சாங்க?'
சொன்னேன்.
அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.
நான் நீலத்தைப் பார்க்காமல்
கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
காளீஸ்வரி நீலத்தைத்தான் பார்த்தாள்.

எலுமிச்சம்பழம் சக்கரத்தடியில் நசுங்கியது,
விதை தெறித்து என் கால்விரலில் ஒட்டியது.
மீட்டரில் இருபத்தொன்று.
அதில் பதினாலு என்னுடையது.