ஒரு கிலோ ரொட்டி என்ன விலை

தால்கவானோ துறைமுகத்தில்
என் கடைதான் கடைசிக் கடை.
அதற்கப்புறம் கடல்,
அதற்கப்புறமும் கடல்.

குளிர்பெட்டிமேல் தொலைக்காட்சி.
போன நிலநடுக்கத்தில் கீழே விழுந்து
வலப்பக்கம் பச்சை பாய்ந்துவிட்டது.
அந்தப் பக்கம் நிற்கிற வேட்பாளர் யாரானாலும்
கொஞ்சம் நோயாளியாகத் தெரிவார்.
இன்றைக்கு அந்த யோகம் அம்மையாருக்கு.
இடப்பக்கத்தவருக்கு நல்ல நிறம், நல்ல பற்கள்.

ஒன்பது மணி. எண்ணெய் காய்கிறது.
ரோசமெல் இரண்டு நாற்காலி பிடித்திருக்கிறான்,
ஒன்று தனக்கு, ஒன்று ஈரக் காலுறைகளுக்கு.
எர்மிந்தா இன்னும் முடிவு செய்யவில்லையாம்.
நான்கு தேர்தலாக இதையே சொல்கிறாள்.
செருப்பைப் பார்த்தால் ஆளைத் தெரிந்துவிடும்,
இவர்கள் செருப்பைக் காட்டமாட்டேன் என்கிறார்களே
என்பது அவள் குறை.

திரைக்கு மிக அருகில் யாஸ்னா.
மத்திமீன் ஆலையில் டப்பாக்களுக்குத் தாள் ஒட்டுகிறவள்.
காது கேளாது.
அவளுக்கு வேட்பாளர்கள் வேண்டாம்.
பச்சைக்குத் தப்பிய கீழ் மூலையில்
தபால்தலை அளவுக் கட்டத்துக்குள்
கருநீலச் சட்டையில் ஒருத்தி கைகளால் பேசுகிறாளே,
அவள் போதும்.

ஓய்வூதியம் பற்றிப் பேசினார்கள். ரோசமெல் தூங்கிவிட்டான்.
பாதுகாப்பு பற்றிப் பேசினார்கள்.
மூலை மேசைக் கப்பல்காரர்கள்
இன்னும் கொஞ்சம் மிளகாய்ச் சாந்து கேட்டார்கள்.
நல்ல பற்கள் மார்பில் கைவைத்து "என் தாய்நாடு" என்றபோது
என் நாய் எழுந்து வெளியே போனது.
அதில் அரசியல் இல்லை. அதற்கு அது போகிற நேரம்.

அப்புறம்தான் அந்த இளம் நெறியாளர்
காகிதத்தைப் பார்க்காமல் கேட்டார்:
ஒரு கிலோ ரொட்டி என்ன விலை?

கடையே எழுந்து நின்றது.
இரண்டாயிரம்! இது ரோசமெல், தூக்கத்திலிருந்தே.
எந்தக் காலத்தில்? மேட்டுக் கடையில் இரண்டாயிரத்து இருநூறு!
மேட்டுக் கடைக்காரன் தன் கட்டைவிரலையும் சேர்த்தல்லவா நிறுக்கிறான்!
கப்பல்காரன் ஒருவன், பேரங்காடியில் ஆயிரத்து ஐந்நூறு என்றான்.
அது ரொட்டியில்லை, பஞ்சு
என்றோம் எல்லாரும் ஒரே குரலில்.
அன்றிரவு நாட்டில் கருத்து ஒன்றுபட்டது அங்கே மட்டும்தான்.
நானும் கரண்டியை ஓங்கி என் விலையைச் சொன்னேன்.
நான் வாங்குவது கடனுக்கு.
கடன் ரொட்டி கிலோவுக்குக் கொஞ்சம் கனம் கூடுதல்.

சத்தம் அடங்கியபோது
திரையில் சோப்பு நுரைத்துக்கொண்டிருந்தது.
அவர்கள் என்ன பதில் சொன்னார்கள்?
ஒருவருக்கும் தெரியாது.

யாஸ்னாவைப் பார்த்தோம்.
அவள் மெல்லத் திரும்பினாள்.
முதலில் அந்த மனிதர்:
காற்றில் ஒரு மீனைப் பிடித்தாள், வழுக்கிப்போனது.
மறுகையால் பிடித்தாள், வழுக்கிப்போனது.
கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.
நாள் முழுக்க மீன் கழுவுகிற எனக்கு
யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.
பிறகு அம்மையார்:
ஒரு விலையை விரல்களில் எண்ணிக் காட்டி,
கட்டைவிரலால் தோளுக்குப் பின்னே சுட்டினாள்.
போன வருடத்து விலை.

அதோடு விடவில்லை.
எங்கள் ஒவ்வொருவர் வாயையும் சுட்டி,
திரையில் இருந்த இரண்டு வாயையும் சுட்டி,
எல்லாம் ஒரே நேரம் என்றாள்.
அவர்களும் அப்போது
ஒருவர்மேல் ஒருவர் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.
யாரை எடுப்பது, யாரை விடுவது?
கருநீலச் சட்டைக்காரி
கைகளை இறக்கிக் காத்திருந்தாளாம்.
யாஸ்னா அதைச் செய்து காட்டினாள்.
என் பிசுக்கு மேசைமேல்
இரண்டு கைகள்,
பசை காய்ந்த நகங்களோடு,
சும்மா.

எண்ணெய் மட்டும் பொரிந்துகொண்டிருந்தது.

விளம்பரம் முடிந்தது. இருவரும் திரும்பி வந்தார்கள்,
ஒருவர் பச்சையாக, ஒருவர் பற்களாக.
சத்தத்தைக் கூட்டவா என்று கேட்டேன்.
பதிலில்லை.
எர்மிந்தா மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
திரையின் மூலைக்குக் குனிந்தாள்.

"இந்தப் பெண்ணின் செருப்பு தெரிகிறதா, பார்."

தெரியவில்லை.
இடுப்புவரைதான் காட்டுகிறார்கள்.