கொழுப்பு

பால் எடுக்கும் இடத்தில் மெல்வின்
கண்ணாடிக் குழாயை வெளிச்சத்துக்குத் தூக்கி
"கொழுப்பு காணாது" என்றான்.
இரண்டு தசம் ஒன்பது.
அதே கிழமை மலையில்
நிரைக்குப் பிந்தி வந்ததற்குக் கங்காணி சொன்னார்:
"உனக்குக் கொழுப்பு கூடிப்போச்சு."
ஒரே சொல்.
அங்கே காசை வெட்டினார்கள்,
இங்கே அரைப்பேர்.

அக்கரப்பத்தனையில் ஆடி மழை விடவில்லை.
புல்லை அறுத்தால் பாதி தண்ணீர்.
மரக்கறி லொறிக்காரன் கழித்துப்போட்ட கோவா இலை
சும்மா கிடைத்தது, இரண்டு சாக்கு.
சும்மா கிடைத்ததை அளந்து போட
யாருக்கு மனம் வரும்?

விடியக்காலை சுது அசைபோடவில்லை.
வலப்பனையில் வாங்கியதிலிருந்து
சிங்களத்தில் கூப்பிட்டால்தான் திரும்புவாள்;
அன்று எந்தப் பாஷைக்கும் திரும்பவில்லை.
இடது பக்கம் திருவிழா மேளம் மாதிரி.

டொக்டர் நிலூகா மோட்டார்சைக்கிளில் வந்தார்,
மழைக்கோட்டோடு.
ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டிக் காற்றை இறக்கிவிட்டு
என் தலையைப் பிடித்து
மாட்டின் விலாப்பள்ளத்தில் சாய்த்தார்.
"கேளுங்க. நிமிஷத்துக்கு ரெண்டு தரம் வரணும்."
ஈரமயிர். சாண வாடை. ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு, வெகு தூரத்தில்,
ஹோல்புரூக் வளைவில் லொறி ஒன்று
கியர் மாற்றியது மாதிரி ஓர் உறுமல்.
"வந்திருச்சு" என்றேன், என்னையறியாமல்.

காலையில் என்ன தின்றாள்? எத்தனை கிலோ?
தண்ணீர் குடித்தாளா? சாணம் இறுக்கமா இளக்கமா?
எந்தப் பக்கம் படுக்கிறாள்?
எல்லாவற்றையும் கேட்டார்,
எல்லாவற்றையும் எழுதினார்.

கோவாவைக் குறை. முதலில் காய்ந்த வைக்கோல்.
புண்ணாக்கோடு ஒரு சிறங்கை அப்பச்சோடா,
ஒரு கரண்டி ஈஸ்ட், தாதுப்பொடி.
"இது மருந்தில்ல அக்கா.
இவ வயித்துக்குள்ள கோடிக்கணக்கில
கண்ணுக்குத் தெரியாத உசிருங்க இருக்கு.
அதுங்கதான் புல்லைச் சமைச்சு இவளுக்குக் குடுக்குது.
நீங்க சாப்பாடு போடுறது அதுங்களுக்கு."
உள்ளேயும் ஒரு லயம் இருக்கிறது போல,
செக்ரோல்லில் பெயர் இல்லாமல்.

ஈஸ்ட் விலையைக் கேட்டு அந்தோனி குதித்தார்.
"பானுக்குப் போடுறத மாட்டுக்குப் போடுறியே,
மாடு பொங்கி வரவா?"
மாடு பொங்கவில்லை.
பத்தாம் நாள் வாயோரம் நுரை தள்ள,
அரைக்கண் மூடி,
போன வருஷத்துப் புல்லையும் நினைத்துக்கொண்டவள் போல
அசைபோட்டாள்.
நான் காதை வைத்து எண்ணினேன்.
இரண்டு. சில நிமிஷத்தில் மூன்று.

எனக்கும் நெஞ்செரிச்சல், ஆறேழு வருஷமாக.
தோட்டத்து டிஸ்பென்சரியில்
தலை நிமிராமலே வெள்ளைக் குளிசை,
பழைய கடதாசியில் சுற்றி.
வெறும் வயிற்றில் சாயத்தண்ணி,
பத்து மணிக்குத்தான் ரொட்டி என்று
சொல்ல வாயெடுப்பேன்;
அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்.
என் சாணத்தைப் பற்றி
யாரும் இன்றுவரை விசாரித்ததில்லை.

ஒரு ராத்திரி தாங்க முடியாமல்
மாட்டுப்பட்டிக்குப் போய்
சுதுவின் டின்னைத் திறந்தேன்.
ஒரு சிட்டிகை அப்பச்சோடா,
அரை டம்ளர் தண்ணீர்.
பெரிய ஏப்பம் ஒன்று வந்தது.
இருட்டுக்குள்ளிருந்து அவளும் ஒன்று விட்டாள்.
சிரித்துச் சிரித்து வயிறு மறுபடி வலித்தது.

நேற்று மெல்வின் குழாயை இரண்டு தரம் பார்த்தான்.
பால் புத்தகத்தில் அவன் எழுதியதை
நான் தலைகீழாகவே வாசித்துவிட்டேன்.

இன்று மலையில்
ஒன்பது மணிக்கே கூடையை இறக்கி
வரிச்சிக்கட்டை மேல் குந்தி
ரொட்டியை அவிழ்த்தேன்.
அவசரமில்லாமல் மென்றேன், இந்தக் கடைவாய், அந்தக் கடைவாய்.
மேலே பாதையில் கங்காணி நின்றுவிட்டார்.
"அருள்மேரி! உனக்குக் கொழுப்பு எவ்வளவு இருக்கும்?"

விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னேன்:
"மூணு தசம் ஆறு."