புள்ளி எட்டு நாலு

மூன்று நாள்தான் நிறுத்தினோம். செல்ஃப்
'டக்' என்றது, அவ்வளவுதான்.
மன்னவனூர் ஏரிக்கு மேலே, புல்லெல்லாம் உறைபனி.
வீடாக மாற்றிய எங்கள் டெம்போ
நேற்றுக் கழுவிய பாத்திரம்போல் நின்றது.

பேட்டரி புதுசு என்றேன், இரண்டு முறை.
மூஞ்சிக்கல்லிலிருந்து வந்த ஜெரோம் பதில் சொல்லவில்லை.
தன் ஜீப் பேட்டரியை இறக்கிக் கோத்து
மைனஸ் வயருக்கு நடுவே மீட்டரை வைத்தான்.
எல்லாம் அணைத்திருக்கிறது.
ஆனாலும் 0.84.
"எதுவோ குடிக்குதுக்கா."

ஃப்யூஸ்களைப் பிடுங்க ஆரம்பித்தோம்.
ஹாரன் இல்லை. தண்ணீர் பம்ப் இல்லை.
வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டு வந்த
இன்வெர்ட்டர்கூட யோக்கியன்தான்.
பதினொன்றாவதில் எண் விழுந்தது.

திரும்பச் செருகிவிட்டுத் தேடினால்,
கட்டிலுக்கடியில் மழைக்கோட்டுப் பெட்டி.
மூடியின் சுவிட்ச் துருவேறி மாட்டிக்கொள்ள
உள்ளே ஒரு பல்பு
மூன்று இரவும் மூன்று பகலும்
மடித்துவைத்த கோட்டுகளுக்கு
வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

தொட்டேன். சுட்டது.
கையை எடுக்கவில்லை.
அந்த மலையில் அன்று காலை
சூடாக இருந்தது அது ஒன்றுதான்.

கழற்றச் சொல்வான் என்று பார்த்தால்
ஜெரோம் கையுறையை உருவிவிட்டு
"கொஞ்சம் தள்ளுங்க" என்றான்.