நூற்றில் ஒன்று

தஞ்சாவூர் ரேஞ்சில் ஞாயிறன்று சுட்ட நூறும்
செவ்வாய் ராத்திரிவரை துணிப்பையில் கிடந்தன.
மின்வாரியத்தில் கணக்கு முடிக்கிற வாரம்.
பையைத் திறந்ததும்
தீபாவளிக்கு மறுநாள் தெருவின் வாசம்.

முதலில் அடியிலிருக்கும் செத்த கேப்பைத் தள்ளுவேன்.
டிக் என்று டப்பாவில் விழும்.
நூறு டிக்.
நூறையும் கேட்டுவிட்டுக் கீழ்வீட்டு வேம்பரசி
படியிலிருந்து, "முடிஞ்சுதா?" என்பாள்.

பிறகு புளித்தண்ணீர்.
அதிகம் ஊறினால் பித்தளை இளஞ்சிவப்பாகும்,
துத்தநாகம் ஓடிவிட்டதென்று அர்த்தம்.
பத்தே நிமிஷம். செல்போனில் அலாரம்.

வால்நட் ஓட்டில் உருட்டச் சொல்கிறார்கள்.
மயிலாடுதுறையில் வால்நட்டுக்கு எங்கே போக?
கூறைநாட்டு ரைஸ்மில்லில் உமி ஒரு மூட்டை
சும்மாவே கொடுத்தார்கள்.
"கோழி வளக்கறீங்களா மேடம்?"
ஆமாம் என்றேன்.

பழைய கிரைண்டர் மோட்டாரில் பெயின்ட் டப்பா சுற்றுகிறது.
மழையா இதுவா என்று பிரிக்க முடியாத சத்தம்.
கரியைப் பொன்னி உமி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது.
கார்த்திகை வருகிறதே என்று
பூஜை மணியின் நாக்கைக் கழற்றிக்கொண்டு வந்தாள் வேம்பரசி.
"இதையும் போடேன்."
போட்டேன்.

ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போக?
ஃப்ரிட்ஜின் முதுகுச் சூட்டில் காயவைத்து
ஒவ்வொன்றாய் விளக்கடியில் உருட்டுகிறேன்.
ஒவ்வொரு சூட்டுக்கும் பித்தளை ஒரு மயிரிழை நீளும்.
அளவுக்கு நறுக்காவிட்டால்
தான் பிறந்த அறைக்குள்ளேயே நுழையாது.

நுனி வளைத்த கம்பியால் உள்சுவரைத் தடவ வேண்டும்,
கண்ணுக்கு எட்டாத பள்ளம் விரலுக்கு எட்டும்.
எழுபத்திரண்டாவதில் தட்டியது.
அடியிலிருந்து ஒரு நெல் நீளம் மேலே, சுற்றிலும்.
வெளியே ஒன்றுமில்லை,
மற்றதைவிட ஒரு பிடி கூடவே மின்னியது.
இன்னொரு முறை சுட்டால் இரண்டாகப் பிய்யும்,
என் கன்னத்துக்குப் பக்கத்தில்.

ஞாயிறன்று நட்டநடுவில் விழுந்த அந்தப் பத்து
இதிலிருந்து போனதா,
பக்கத்து ஆள் டார்கெட்டில் பட்டு நான் தலைகுனிந்த அது
இதிலிருந்து போனதா?
துலக்கிய பிறகு நூறுக்கும் ஒரே முகம்.

குறடால் வாயை நசுக்கினேன்.
யாரும் எடுத்துவிடக் கூடாது,
தூக்கக் கலக்கத்தில் நானும்.

புதன் காலை பழைய சாமான் வாங்கும் சாகுல்
உள்ளங்கையில் தூக்கிக் கனம் பார்த்தார்.
"நல்ல பித்தளைதான்.
ஆனா வேணாங்க்கா, ஸ்டேஷன்ல கேப்பாங்க."
சைக்கிளை மிதித்தபின் ஒருமுறை திரும்பியும் பார்த்தார்.

நோட்டில் எழுதினேன்:
நல்லது 99. பழுது 1.
கையெழுத்து: ச. மங்களநாயகி.

நசுங்கியது ஜன்னல் கட்டையில் நிற்கிறது.
வாய் மூடிப்போனதால் ஊசி போட்டுவைக்கக்கூட ஆகாது.
ஆறு மணிக்குக் கீழே மணி அடிக்கிறது,
போன வாரத்தைவிடக் கொஞ்சம் கூர்மையாய்.
"எண்ணெய்ல உமி மிதக்குதுடி!" என்று கத்துகிறாள் வேம்பரசி.
என் தலையிலும் இருக்கிறது.
இன்னும் சீவவில்லை.