பிறையில் ஒரு வயிறு

ஊருக்குப் பேர் பிறை.
இன்று அமாவாசை.
தொட்டியின் மேல்தளத்தில் நின்றால்
பாலத்தின் விளக்குகள் தெரியும்,
தீவு தெரியாது.

ஒரு தாளை ஆறேழு முறைதான்
கரைத்து மறுபடி தாளாக்கலாம்.
அதற்குமேல் நார் குட்டையாகிவிடும்,
வலைக்கண்ணில் தங்காது.
நழுவியதெல்லாம் எங்களிடம் வரும்:
தேர்வுத்தாள், மீன்கடை ரசீது,
நாலு நம்பர் சீட்டு, சம்மன்,
யாரோ ஒருத்தியின் கல்யாணப் பத்திரிகை.
ஸ்டேப்ளர் பின்கள் காந்தத்தோடு போய்விட
மற்றதெல்லாம் ஒரே சாம்பல் நிறம்.
எத்தனை நிறத்து மை கலந்தாலும் சாம்பல்தான்,
பதினோரு வருடமாய்ப் பார்க்கிறேன்.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள்.
இந்த நார் எதெதோடு சேர்ந்ததோ,
வேனில் என் பக்கத்து இருக்கை
ஜூரு வரைக்கும் காலிதான்.

முன்பு பிழிந்து, லாரியில் ஏற்றி,
எங்கோ புதைக்க அனுப்பினோம்.
எவ்வளவு பிழிந்தாலும் பாதிக்குமேல் தண்ணீர்.
தண்ணீரைப் புதைக்கவா டன்னுக்கு இத்தனை ரிங்கிட்
என்று ஊய் கணக்குப் போட்ட மாதம்
இந்தத் தொட்டிக்கு அடிக்கல் விழுந்தது.

செம்பனை ஆலையிலிருந்து டேங்கரில்
கறுப்பாய் வந்து இறங்கின கிருமிகள்.
காற்று படக்கூடாது. வெளிச்சம் வேண்டாம்.
சூடு முப்பத்தேழு டிகிரி.
வாசலில் காவலர் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டிய காலத்தில்
எனக்கும் ஏறக்குறைய அதுதான் காட்டும்.

மூன்றாம் வாரம் சாப்பிட மறுத்தன.
ரோஸ்னா ஆய்வுக்கூடத்திலிருந்து ஓடிவந்தாள்.
மாசாம், மாசாம் என்றாள். புளித்துவிட்டதாம்.
ஜஹாங்கீர் மூட்டை மூட்டையாய்ச் சுமந்துவர
சுண்ணாம்பு கரைத்து ஊற்றினோம்.
தீனியைப் பாதியாக்கினோம்.
என் மகனுக்குப் பல் முளைத்தபோதுகூட
இத்தனை தடவை எழுந்து பார்த்ததில்லை.

இன்றிரவு இரண்டு பத்துக்கு
கூரைச் சவ்வு மெல்ல உப்பியது.
கொதிகலனுக்குப் போகும் வால்வை ஊய் திறந்தார்.
கண்ணாடித் துளையில் முதலில் மஞ்சள்,
ஒரு தும்மல்,
பிறகு நீலம்.

யாரும் கைதட்டவில்லை.
ஜஹாங்கீர் மட்டும் குனிந்து பார்த்துவிட்டு,
தன் பர்மிட்டைப் புதுப்பிக்க மறுத்த கடிதமும்
இதில்தான் எரிகிறதா என்று கேட்டான்.
ஊய் சிரித்தார்.
நான் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நீலம் நீராவியாகி,
உருளைகளுக்குள் ஓடி,
விடியலுக்குள் வரும் புதுத் தாளை உலர்த்தும்.
தாளாக முடியாமல் போனது
தாளுக்கு வெயிலாகிறது.
ஆனால் எல்லாம் தீயாகிவிடவில்லை.
அடியில் களிமண் மீந்து கிடக்கிறது.
செங்கல் சூளைக்காரர் ஒருவரிடம் பேசியிருக்கிறோம்,
அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
மீத்தேன் அறுபத்தொரு விழுக்காடு. வாடை உண்டு.
மை லேசாய்ப் பரவியது.
எங்கள் தாள்தான்.