சும்மா கிடைத்த பத்து

டோரொஹோய் நகரில் மார்ச். பனி இன்னும் போகவில்லை.
வகுப்பறை ஹீட்டர்மேல் கையுறைகள் காய்கின்றன.
என் பெஞ்சில் பாதி தியோஃபானாவுடையது.
மறைக்கல்வி ஒலிம்பியாடில் மாவட்டத்திலேயே முதல்.
நிக்கேயா சங்கத்துக்கு வந்த ஆயர்கள் எத்தனை பேர்?
முந்நூற்றுப் பதினெட்டு என்பாள்
ஆப்பிளைக் கடித்தபடி, தலை நிமிராமல்.

அதை ஆறால் வகு, என்றேன் ஒருநாள், கிண்டலாக.
மென்றுகொண்டே இருந்தாள்.
மணி அடித்துவிட்டது.

நான் ஈஸ்டருக்கு மட்டும் தேவாலயம் போகிறவன்,
அதுவும் மெழுகுவர்த்தி வரிசையில்
பாதியிலேயே திரும்பிவிடுகிறவன்.

மாதிரித் தேர்வு முடிவைச் சுவரில் ஒட்டினார்கள்.
கணக்கில் எனக்குத் தொண்ணூற்றாறு.
அவளுக்கு நாற்பத்தாறு. ஐம்பது வேண்டும்.
அதே சுவரில் நான்கடி தள்ளி
சான்றிதழைப் பிடித்தபடி அவள் படம்,
தலைமையாசிரியர் சட்டமிட்டு மாட்டியது.

"இத்தனை புனிதர்கள் குடியிருக்கும் தலையில்
ஒரு லாகரிதத்துக்கு இடமில்லையா?"
கணக்கு டீச்சர் தொதிராஷ்கு கேட்டார்.
வகுப்பே சிரித்தது.
நானும் சிரித்தேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

அவள் வினாத்தாளின் தலைப்பகுதியில் விரல் வைத்தாள்:
பத்து மதிப்பெண் அனைவருக்கும் வழங்கப்படும்.
எல்லாத் தாளிலும் இருக்கும் வரி.
பார்த்திருக்கிறேன், படித்ததில்லை.

"கேட்காமல், உழைக்காமல்,
வெறுந்தாளை நீட்டுகிறவனுக்கும் பத்து.
எங்கள் பாடத்தில் இதற்குப் பேர் கிருபை."

"அப்படியென்றால் நீ சம்பாதித்தது முப்பத்தாறுதான்."
கணக்குக்காரன் வேறென்ன சொல்வான்.

"நீ எண்பத்தாறு," என்றாள். "மிச்சம் உனக்கும் சும்மாதான்."

நாலு மணி மினிபஸ்.
வியர்த்த கண்ணாடியில் விரலால் எழுதிக் காட்டினேன்:
உள்ளே பெருக்கல், வெளியே கூட்டல்.
திருப்பி எழுதினாள். குறி தப்பு.
திருத்தினேன். மறுபடி எழுதினாள். சரி.

"ஏன் அப்படி?" என்றாள்.

ஏனென்றால்... விதி அப்படி.

"யார் போட்ட விதி?"

மூன்று நிறுத்தம் கடந்தது.
எழுத்துகள் ஒழுகிக் கீழே இறங்கின.
தொண்ணூற்றாறு வாங்கியவன்
கையுறையால் கண்ணாடியைத் துடைத்து
வெளியே எதையோ பார்ப்பதுபோல்
பார்த்துக்கொண்டிருந்தேன்.